வயித்துக் கொழுப்பு குதிகால் வலிக்கு மருந்தாகுமா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழ்ல ஒருத்தர் குதிகால் வலி பத்தி கேட்டப்ப, அமெரிக்காவுல நோயாளியோட சொந்தக் கொழுப்பையே ஊசில எடுத்து பாதத்துல போட்டு பாக்குறாங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வரும்னு நான் நெனக்கவே இல்ல. படிக்க படிக்க மனசு கஷ்டமாயிருச்சு, ஏன்னா எழுதுனவங்கள்ல பாதி பேர் நின்னுக்கிட்டே சம்பாதிக்கிறவங்க, வருஷக்கணக்கா வலிய பல்ல கடிச்சுட்டு பொறுத்துக்கிட்டவங்க. அதனால இந்த இதழ் முழுக்க பாதம் மட்டும்தான், மத்த கேள்வி அனுப்புனவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

டாக்டர், எனக்கு 46 வயசு. பனியன் கம்பெனில செக்கிங் வேல, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதான். ஒன்னரை வருஷமா வலது குதிகால்ல வலி. காலைல பாய விட்டு எந்திரிச்சு மொத அடி வைக்கிறப்ப ஆணிய மிதிச்ச மாதிரி சுர்ருனு ஏறும், சுவத்த புடிச்சுக்கிட்டுதான் பாத்ரூம் போவேன், கொஞ்சம் நடந்தா கொறஞ்சிரும், டீ டைம்ல உக்காந்து எந்திரிச்சா மறுபடி அதே வலி. செங்கல்ல சூடு பண்ணி எருக்கு எல வச்சு ஒத்தடம் குடுத்தேன், ஒரு ஊசியும் போட்டாங்க, மூணு மாசம் நல்லா இருந்துச்சு, திரும்ப வந்துருச்சு. எனக்கு இந்தக் கொழுப்பு ஊசி போட முடியுமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

அம்மா, மொத அடினு எழுதுனீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே முக்கால்வாசி தெரிஞ்சு போச்சு. ஊர்ல குதிவாதம்னு சொல்வாங்க, டாக்டருங்க பிளான்டர் ஃபேசியைடிஸ்னு எழுதுவாங்க. குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரல் வரைக்கும் உள்ளங்கால் வளைவ இழுத்துப் புடிச்சுக்கிட்டு ஒரு தடிச்ச நார்ப்பட்டை ஓடுது, கட்டில்ல நாடா இழுத்துக் கட்டியிருக்குமே அந்த மாதிரி. நீங்க நாள் முழுக்க நிக்கிறப்ப அது இழுபட்டு இழுபட்டு, எலும்புல ஒட்டுற எடத்துல நூல் நூலா சிதைய ஆரம்பிக்குது. ராத்திரி கால நீட்டி படுத்தவுடனே அது சுருங்கி ஆற பாக்குது, காலைல மொத அடி வைக்கிறப்ப ஆறுனது மறுபடி இழுபடுது, அதான் அந்த ஆணி. நம்பிக்கை வரலன்னா இப்பவே பாருங்க, வலது கால தூக்கி இடது தொடை மேல வச்சுக்கங்க, ஒரு கையால கால் விரல் அஞ்சையும் மேல் பக்கமா வளைச்சுப் புடிச்சுக்கங்க, உள்ளங்கால்ல கம்பி மாதிரி ஒன்னு தெறிச்சு நிக்கும், அதையே புடிச்சுக்கிட்டு குதிகால் பக்கமா கட்டைவிரல கொண்டு போனீங்கன்னா உள்பக்கமா எலும்பு ஆரம்பிக்கிற எடத்துல ஒரே ஒரு புள்ளில உயிர் போயிரும். அங்கதான் நோய்.

இப்ப அந்தக் கொழுப்பு விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி குசெனாஃப்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனும், பெத் குசெனாஃப்னு பாத மருத்துவரும் இருக்காங்க, ரெண்டு பேரும் கணவன் மனைவி. அவரு கொழுப்ப எடுத்து வைக்கிற வேலைல கை தேர்ந்தவர், அவரோட மனைவி பாதத்த தினமும் பாக்குறவங்க, அதனால இந்த யோசனை அந்த வீட்டுல பொறந்தது எனக்கு ஆச்சரியமாவே இல்ல. அவங்க குழு 2022ல நாள்பட்ட குதிவாதம் உள்ள 14 பேருக்கு இத செஞ்சு பாத்து ரிசல்ட் வெளியிட்டாங்க. ஒரு பகுதி பேருக்கு உடனே போட்டாங்க, மீதி பேர ஆறு மாசம் சும்மா கவனிச்சுட்டு அப்புறமா போட்டாங்க, அப்பதான் தானா சரியாகுறதுக்கும் ஊசியால சரியாகுறதுக்கும் வித்தியாசம் தெரியும்ல. போட்டவங்களுக்கு வலி கொறஞ்சுது, நடமாட்டம் கூடுச்சு, ஸ்கேன்ல பாத்தா வீங்கி தடிச்சுப் போயிருந்த அந்தப் பட்டையும் மெலிஞ்சிருந்துச்சு. நல்லா இருக்குற பட்டை 4 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும், நோய் வந்தா அதைத் தாண்டி தடிச்சிரும்.

எப்படி பண்றாங்கன்னா, மொதல்ல அந்த எடத்த மரத்துப் போக வைக்கிறாங்க. வயித்துல இருந்தோ தொடைல இருந்தோ மெல்லிசான குழாய விட்டு கொஞ்சமா கொழுப்ப இழுக்குறாங்க. சிரிஞ்சுல பாத்தா மஞ்சளா, மழைக்காலத்துல பாதி உறைஞ்ச நெய் மாதிரி இருக்கும். அத நிமித்தி வச்சாலோ சுத்துற மெஷின்ல போட்டாலோ மூணு அடுக்கா பிரிஞ்சிரும், மேல எண்ணெய், அடில ரத்தமும் தண்ணியும், நடுவுல உயிரோட இருக்குற கொழுப்பு. நடுவுல இருக்குறத மட்டும் எடுத்துக்கிட்டு, வலிக்கிற பட்டைய ஊசியால பல எடத்துல துளைச்சு அங்க அத செலுத்துறாங்க. துளைக்கிறதுனால உடம்புக்கு ஒரு புதுக் காயம் தெரியுது, ஆத்துறதுக்கு ஆள் அனுப்புது, கொழுப்புக்குள்ள இருக்குற, புதுத் திசுவா வளரக்கூடிய ஸ்டெம் செல்லும் வளர்ச்சிக்கு உதவுற பொருளும் அந்த வேலைய கூட நின்னு செய்யுது. கொழுப்புல அப்படிப்பட்ட செல் இருக்குன்னு 2001லயே கலிஃபோர்னியா ஆளுங்களும் இதே பிட்ஸ்பர்க் ஆளுங்களும் சேர்ந்து எழுதியிருக்காங்க. அதனால உங்க நோய்க்கு இந்த ஊசி பாதத்துக்கு அடில கொழுப்ப மெத்தையா வைக்கிற வேல இல்ல, ஆறாத புண்ண ஆத்துற வேல. இத நெறைய பேர் மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க.

உங்களுக்குப் பண்ணலாமான்னு கேட்டா, இப்ப வேணாம்னுதான் சொல்வேன். 14 பேர்ங்கறது ரொம்ப சின்ன எண்ணிக்கை, அத வச்சு திருப்பூர்ல நிக்கிற ஒரு அம்மாவ கத்தியும் குழாயும் வச்சுக்கிட்டு தொட எனக்கு மனசு வராது. குதிவாதம் பத்துல எட்டு ஒம்போது பேருக்கு ஊசி ஆபரேஷன் எதுவும் இல்லாமலே ஒரு வருஷ வாக்குல அடங்கிருது, ஆனா அதுக்கு செய்ய வேண்டியத செய்யணும், உங்க கடிதத்துல ஒத்தடமும் ஊசியும் இருக்கே தவிர இழுப்புப் பயிற்சி எங்கயுமே இல்ல. யாரும் சொல்லித் தரலன்னு நெனக்கிறேன், இதுதாம்மா எனக்கு வருத்தம். காலைல பாய்ல இருந்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே, மேல சொன்ன மாதிரி கால தொடை மேல வச்சு விரல மேல வளைச்சுப் புடிச்சு பத்து எண்ணுங்க, விடுங்க, இப்படி பத்து தடவ. அப்புறம்தான் தரைல கால வைக்கணும். டீ டைம்ல எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. கெண்டைக்காலையும் சுவத்துல கை வச்சு சாஞ்சு இழுத்து விடுங்க, கெண்டைக்கால் இறுகியிருந்தா இந்தப் பட்டை விடவே விடாது. வேல செய்ற எடத்துல சிமெண்ட் தரைல வெறுங்கால்ல நிக்காதீங்க, குதி கொஞ்சம் ஒசந்த மெத்துனு இருக்குற செருப்பு போட்டு நிக்க விடச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, டாக்டர் சீட்டு வேணும்னா வாங்கிக் குடுங்க. எருக்கு எல ஒத்தடம் சூட்டுனால கொஞ்சம் இதமா இருக்கும், தப்பில்ல, சுகர் இல்லன்னா மட்டும். மூணு மாசம் விடாம செஞ்சும் ஒன்னும் கொறையலன்னா வெளிய இருந்தே ஒலி அலைய செலுத்துற ஷாக் வேவ் சிகிச்சை இருக்கு, அதுக்கும் அப்புறம்தான் இந்தக் கொழுப்பு பேச்சே. உங்களுக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் வீக்கத்த அடக்குற ஸ்டீராய்டாத்தான் இருக்கும், ரெண்டாவது தடவ அதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க, ஏன்னு கீழ கும்பகோணம் ஐயாவுக்கு எழுதியிருக்கேன், அதையும் படிச்சிருங்க.

வயித்துல இருந்து எடுக்குறாங்கன்னா தொப்பையும் கொறையுமா டாக்டர்? ஒரே செலவுல ரெண்டு வேல முடியுமே.
— வாசகர், ஈரோடு

கொறையாதுங்க. ஒரு பாதத்துக்கு தேவைப்படுறது சில மில்லிதான், ஒரு டீஸ்பூன் அளவுன்னு வச்சுக்கங்களேன். எடுத்த எடம் ஒரு வாரம் பத்து நாள் கன்னிப் போய் நீலமா இருக்கும், அளவுல ஒரு மாத்தமும் தெரியாது. தொப்பை கொறைஞ்சா குதிகால் வலி கொறையும்ங்கறது மட்டும் நெசம், ஒவ்வொரு அடிக்கும் உங்க எடைக்கு மேலயே அந்தக் குதிகால் தாங்குது, ஓடுனா ரெண்டு மடங்குக்கும் மேல.

எக்ஸ்ரேல குதிகால்ல முள்ளு வளந்திருக்குன்னு சொல்றாங்க. கொழுப்பு போட்டா முள்ளு கரையுமா? இல்ல வெட்டித்தான் எடுக்கணுமா?
— வாசகி, சேலம்

ரெண்டும் வேணாம்மா. அந்த முள்ளு வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இருக்கு, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்குறப்ப தற்செயலா தெரியும். பட்டை வருஷக்கணக்கா இழுத்ததுக்கு எலும்பு போட்ட ஒரு தழும்புனு வச்சுக்கங்க, அது உள்ள குத்துறதுனால வலிக்குதுங்கறது நம்ம கண்ணுக்கு ஃபிலிம்ல கூரா தெரியுறதுனால வந்த பயம். கொழுப்பு அத கரைக்காது, கரைக்கவும் தேவையில்ல. திருப்பூர் அம்மாவுக்கு சொன்ன பயிற்சிய நீங்களும் இன்னைக்கே ஆரம்பிங்க.

வணக்கம் டாக்டர். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 68. முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னாடி நின்னவன். எனக்கு காலைல வலி கிடையாது, நடக்க நடக்கத்தான் கூடுது, சாயங்காலம் ஆனா கூழாங்கல் மேல நடக்குற மாதிரி இருக்கு, முன்பாதம் குதிகால் ரெண்டுமே. வீட்ல டைல்ஸ் போட்டப்புறம் வெறுங்கால்ல நடக்கவே முடியல. குதிவாதம்னு சொல்லி ரெண்டு வருஷத்துல நாலு ஊசி போட்டாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் சுகம், அப்புறம் முன்ன விட மோசம்.
— வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். நீங்க சொல்றது குதிவாதம் மாதிரி தெரியல எனக்கு. காலைல நல்லா இருந்து பொழுது சாய சாய கூடுற வலி, கடினமான தரைல கூடி மண் தரைல கொறையுற வலி, இது உள்ளங்கால் மெத்தை தேய்ஞ்சு போனதோட அடையாளம்.

நம்ம பாதத்துக்குக் கீழ கடவுள் வச்ச ஒரு மெத்தை இருக்குய்யா. குதிகால்ல அது ஒன்னரை ரெண்டு சென்டிமீட்டர் கனம். வெறும் கொழுப்ப அடைச்சு வச்சிருந்தா மிதிச்ச ஒடனே பக்கவாட்டுல பிதுங்கிப் போயிரும், அதனால தேன்கூட்டுல அறை அறையா இருக்கும்ல, அந்த மாதிரி கெட்டியான நார்ச் சுவர் எழுப்பி ஒவ்வொரு அறைக்குள்ளயும் கொழுப்ப பூட்டி வச்சிருக்கு. மிதிச்சா அமுங்கும், எடுத்தா பழைய வடிவத்துக்கு வந்துரும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவ. நாப்பது வயசுக்கு மேல இந்த அறைச் சுவரு தளர்ந்து கொழுப்பும் மெல்ல மெல்ல வத்த ஆரம்பிக்குது. அதோட, நீங்க போட்டுக்கிட்ட ஊசில இருந்த ஸ்டீராய்டு வீக்கத்த அடக்குற மாதிரியே கொழுப்பையும் கரைக்கும், அதான் அதோட கொணம். நார்ப்பட்டையே அறுந்து போன கேஸும் உண்டு. ஒரு ஊசி சரியான எடத்துல போட்டா பெரும்பாலும் ஒன்னும் ஆகாது, ஆனா ஏற்கனவே வத்திக்கிட்டு இருக்குற மெத்தைல நாலு தடவன்னா அது இருந்த மிச்சத்தையும் எடுத்துருக்கும்னு எனக்கு பலமா சந்தேகம். போட்டவங்க வலிய பாத்து நல்லெண்ணத்துலதான் போட்டிருப்பாங்க, ஆனா மொத ஊசிக்கு முன்னாடி ஒரு தடவ அந்தக் குதிகால கையில புடிச்சுப் பாத்திருக்கணும். நீங்களே பாருங்க, குதிகால ரெண்டு பக்கமும் புடிச்சு நடுவுல கட்டைவிரலால அமுக்குங்க, உங்க பேரப்பிள்ளை குதிகாலையும் அதே மாதிரி அமுக்கிப் பாருங்க. பிள்ளைக்கு ரப்பர் பந்து மாதிரி எதுத்துத் தள்ளும், உங்களுதுல விரல் நேரா எலும்புல போய் தட்டும்னு நெனக்கிறேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல மெத்தையோட கனத்த மில்லிமீட்டர் கணக்குல அளந்தே சொல்லிருவாங்க, அத ஒரு தடவ எடுத்துருங்க.

சொந்தக் கொழுப்ப மெத்தையா வைக்கிற யோசனை உங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. கொழுப்ப எடுத்து வேற எடத்துல வைக்கிறது ஒன்னும் புதுசில்ல, 1893லயே ஜெர்மனில நாய்பர்னு ஒரு சர்ஜன் ஒருத்தர் கைல இருந்து கொழுப்ப எடுத்து முகத்துல பள்ளம் விழுந்த எடத்துல வச்சிருக்காரு. பாதத்துக்கு அத முறையா சோதிச்சுப் பாத்தது மேல சொன்ன அதே பிட்ஸ்பர்க் குழு. முன்பாதத்துல மெத்தை தேஞ்சவங்கள ரெண்டு குழுவா சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஒடனே கொழுப்பு, இன்னொரு குழுவுக்கு ஒரு வருஷம் வெறும் பேடு செருப்புன்னு வச்சிருந்து அப்புறம் கொழுப்புன்னு ரெண்டு வருஷம் கவனிச்சு 2018ல எழுதுனாங்க. கொழுப்பு போட்டவங்களுக்கு வலியும் நடையும் நல்லா ஆகி அது நீடிச்சுது, செருப்ப மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு அந்த ஒரு வருஷத்துல நெலம கொஞ்சம் இறங்கித்தான் போச்சு.

இதுல என்னைய யோசிக்க வச்ச விஷயம் ஒன்னு இருக்கு. போட்ட கொழுப்பு அப்படியே மெத்தையா நிக்கல. கொஞ்ச மாசத்துல ஸ்கேன்ல அளந்தா கனம் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே வந்துருச்சு, ஆனா வலி திரும்பல. வயித்துக் கொழுப்புல அந்த தேன்கூட்டுச் சுவர் கெடையாதுய்யா, அது தளதளன்னு இருக்குற கொழுப்பு, தினமும் மிதிபடுறதுக்குப் படைச்சது இல்ல, அதனால ஒரு பகுதி கரையத்தான் செய்யும். அப்படியும் வலி அடங்கியே இருக்குன்னா, அங்க இருக்குற திசுவோட தரத்தையே அது மாத்திட்டுப் போயிருக்குன்னுதான் எடுத்துக்கணும். மெத்தை வைக்கலாம்னு போனாங்க, மருந்தா வேல செஞ்சிருக்கு.

உங்களுக்கு என்ன பண்ணலாம்னா, மொதல்ல இன்னொரு ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம், யாரு சொன்னாலும் ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டுங்க. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க. நம்ம வீடுகள்ல இது சங்கடம்னு தெரியும், பூஜை ரூம் பக்கத்துல செருப்பான்னு வீட்டு அம்மா கோவிப்பாங்க, தனியா வீட்டுக்குள்ள மட்டும் போடுறதுக்குன்னு ஒரு ஜோடி வச்சுக்கங்க, வெளிய போட்டுட்டுப் போகாதீங்க. எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புன்னு கேட்டா குடுப்பாங்க, சாதா ஹவாய் ரப்பர் ஆறு மாசத்துல சப்பையாயிரும், இது அமுங்கி எழும். குதிகால சுத்தி கிண்ணம் மாதிரி தூக்கி நிக்கிற ஹீல் கப் சிலிக்கான்ல கெடைக்குது, அது மிச்சமிருக்குற கொழுப்ப பக்கவாட்டுல பிதுங்க விடாம எலும்புக்குக் கீழயே கூட்டி வைக்கும். இதுல மூணு நாலு மாசம் போயும் நடக்க முடியலன்னா, கொழுப்பு வைக்கிறதுல அனுபவம் உள்ள பிளாஸ்டிக் சர்ஜனும் பாத எலும்பு டாக்டரும் ரெண்டு பேரும் இருக்குற பெரிய ஆஸ்பத்திரில போய் பேசுங்க. மேல சொன்ன ரெண்டு வருஷ சோதனை நடந்தது முன்பாதத்துக்குத்தான், குதிகாலுக்கு நடந்தது சின்ன சோதனைதாங்கறத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க.

எனக்கு 15 வருஷமா சுகர். ரெண்டு உள்ளங்காலும் மொளகாப் பொடி தடவுன மாதிரி எரியுது, ராத்திரில தூக்கம் இல்ல. கொழுப்பு ஊசி போட்டா எரிச்சல் அடங்குமா?
— வாசகர், மதுரை

அடங்காதுங்க அண்ணே. இது பட்டையும் இல்ல, மெத்தையும் இல்ல, நரம்பு. சுகர் நரம்ப அரிச்சதுனால வர்ற எரிச்சல், அதுக்கு மாத்திரை வேற, வைத்தியம் வேற. எரிச்சல விட எனக்கு பயம் என்னன்னா, எரியுற கால்லயே உணர்ச்சியும் போயிருக்கும், வெளிய தெரியாது. உங்க சுகர் டாக்டர்கிட்ட நைலான் நூல் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஒரு சின்னக் குச்சில தூண்டில் நரம்பு மாதிரி ஒன்னு இருக்கும், 10 கிராம் அழுத்தத்துல வளையுற மாதிரி செஞ்சது, கண்ண மூடச் சொல்லிட்டு பாதத்துல தொட்டு தொட்டு கேப்பாங்க. ரெண்டு நிமிஷ வேல. தொட்டது தெரியலன்னா அந்தக் கால் இனிமே உங்க கண்ணாலதான் பாத்துக்க வேண்டிய கால்.

செங்கல் ஒத்தடம், எருக்கு எல, சுடுதண்ணி இதெல்லாம் உங்களுக்கு ஆகவே ஆகாது. சூடு தெரியாம வெந்து போயி, கொப்புளம் புண்ணாகி, விரல எடுக்க வேண்டியதா போனவங்கள என் கையால கட்டுப் போட்டு அனுப்பியிருக்கேன். மேல சொன்ன எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு நம்ம பக்கம் பரவுனதே உணர்ச்சி போன பாதத்துக்காகத்தான், வேலூர்லயும் கரிகிரிலயும் டாக்டர் பால் பிராண்டும் அவரோட இருந்தவங்களும் தொழுநோய் வந்தவங்க கால காப்பாத்துறதுக்காக பாடுபட்டப்ப கெடைச்ச அறிவு அது. இன்னைக்கு சுகர் காரங்க கால காப்பாத்துறதும் அதேதான். டெய்லி ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி உள்ளங்கால கண்ணாடில பாருங்க, இல்லன்னா வீட்ல இருக்குறவங்கள பாக்கச் சொல்லுங்க, விரல் இடுக்கு வரைக்கும்.

ஒரு கிளினிக்ல கொழுப்புல இருந்து ஸ்டெம் செல் பிரிச்சு குதிகால், முட்டி, இடுப்பு எல்லாத்துக்கும் போடுறோம், நூறு சதவீதம் கேரண்டின்னு சொல்லி பெரிய தொகை கேக்குறாங்க. நகைய வச்சு கட்டலாமான்னு யோசிக்கிறோம்.
— வாசகி, சென்னை

நகைய உள்ள வைங்கம்மா, தயவுசெஞ்சு.

கேரண்டிங்கற வார்த்தைய சொல்ற எடத்துல நீங்க நிக்கவே வேணாம், பிட்ஸ்பர்க்லயே யாரும் அப்படி சொல்லல. இதுல ரெண்டு வேற வேற விஷயத்த ஒன்னா கொழப்பி விக்கிறாங்க. கொழுப்ப எடுத்து, அடுக்கு பிரிச்சு, அப்படியே வைக்கிறது கொழுப்பு ஒட்டு, பிளாஸ்டிக் சர்ஜன்ங்க பல வருஷமா செய்ற வேல. அந்தக் கொழுப்ப நொதி ஊத்திக் கரைச்சு செல்ல மட்டும் தனியா பிரிச்சு, இல்ல லேப்ல வளத்து போடுறது வேற, அது மருந்து தயாரிக்கிற மாதிரி. நம்ம நாட்டுல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, சில ரத்த நோய்களுக்கு செய்ற ஸ்டெம் செல் மாற்று தவிர மத்த எல்லாத்துக்கும் அனுமதி வாங்குன ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யணும்னு தெளிவா சொல்லியிருக்கு. ஆராய்ச்சின்னா அது மருத்துவ ஆராய்ச்சிகளப் பதிவு பண்ற சி.டி.ஆர்.ஐ.ங்கற பதிவேட்டுல இருக்கணும், அதுல சேர்ற நோயாளிகிட்ட அந்த சிகிச்சைக்குக் காசு வாங்கக்கூடாது. அதனால அங்க போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, உங்க சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்னன்னு. பதில் வரலன்னா எந்திரிச்சு வந்துருங்க. குதிகாலுக்கும் இடுப்புக்கும் ஒரே ஊசின்னு சொன்னதுலயே அவங்க உங்க கால தொட்டுப் பாக்கலன்னு தெரியுது.

நான் நியூ ஜெர்சில இருக்கேன். அப்பா அம்மா விசிட்டர் விசால வர்றாங்க, அம்மாவுக்கு முன்பாதத்துல மெத்தை தேஞ்சிருக்குன்னு இங்க ஒரு டாக்டர் சொன்னார். பிட்ஸ்பர்க் கூட்டிட்டுப் போய் பண்ணிரலாமா? அப்படியே அங்க இருக்குற வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் போயிட்டு வந்துரலாம்னு பாக்குறோம்.
— வாசகர், நியூ ஜெர்சி

போய் காட்டுங்க தம்பி, இதையே வேலையா செய்றவங்க இருக்குற ஊரு, அபிப்ராயம் கேக்குறதுல நஷ்டம் இல்ல. விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய நோய்க்கு பெரும்பாலும் கை விரிச்சிரும், எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறாங்கன்னா, சுகர் இருக்குன்னா, சிகரெட் பழக்கம் உள்ளவங்கன்னா முன்னாடியே சொல்லிரணும், ஒட்டுன கொழுப்பு பொழைக்கிறதே புது ரத்தக்குழாய் போய் சேர்றத பொறுத்துதான்.

கோயில மட்டும் ஊசிக்கு முன்னாடி வச்சுக்கங்க. போட்டப்புறம் சில வாரத்துக்கு மெத்துனு இருக்குற ஷூவ கழட்டவே கூடாது, கல் தரைல வெறுங்கால்ல ஒரு பிரகாரம் சுத்துனா போட்டது அத்தனையும் நசுங்கிப் போயிரும். நம்ம அம்மாங்க டாக்டர் முன்னாடி சரி சரின்னு தலையாட்டிட்டு சாமி முன்னாடி செருப்ப கழட்டிருவாங்க, எனக்கு தெரியும். ஊருக்குத் திரும்புற டிக்கெட்டையும் ஒட்டுன ஒடனே போடாதீங்க, அவங்க ரெண்டு தடவயாவது திரும்பப் பாக்கணும்.

எங்க அம்மாவுக்கு 71 வயசு, எலும்பும் தோலுமா இருப்பாங்க. உள்ளங்கால்ல சதையே இல்ல, எலும்பு தொட்டா தெரியுது, அடுப்படில நிக்கவே அழறாங்க. அவங்க உடம்புல எடுக்க கொழுப்பு ஏது டாக்டர்? நான் நல்லா குண்டா இருக்கேன், என்கிட்ட இருந்து எடுத்து அம்மாவுக்கு வைக்க முடியாதா? கிட்னி குடுக்குறாங்கல்ல, அது மாதிரி.
— ஒரு மகள், நாகர்கோவில்

உங்க கடிதத்த என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டுனேன் மக்களே, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல.

முடியாதும்மா. கொழுப்பு உயிருள்ள செல், அம்மா உடம்பு அத அந்நியம்னு கண்டுபுடிச்சு அழிச்சிரும். கிட்னிக்கு அப்படி அழிக்காம இருக்க ஆயுசு முழுக்க எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை குடுக்குறாங்க, உயிர் போற நோய்க்கு அது சரி, கால் வலிக்கு அந்த மாத்திரைய குடுத்தா வலிய விட பெரிய வெனைய வாங்குன மாதிரி ஆயிரும். ஒரே கருவுல பொறந்த இரட்டைப் பிள்ளைங்களுக்குள்ள மட்டும்தான் ஒத்துப்போகும். அமெரிக்காவுல இறந்தவங்க தானமா குடுத்த கொழுப்புல செல்லையெல்லாம் கழுவி நீக்கிட்டு வெறும் சட்டகத்த மட்டும் பதப்படுத்தி ஊசியா போடுற முறை வந்திருக்கு, செல் இல்லாததுனால உடம்பு எதுக்குறது இல்ல.

ஆனா அம்மாவ பத்தி நீங்க நெனக்கிறது சரியில்ல. எவ்ளோ ஒல்லியா இருந்தாலும் தொடை உள்பக்கம், முட்டிக்கு உள்பக்கம், தொப்புளுக்குக் கீழ, எங்கயாவது சில மில்லி இருக்கும், தேவையே அவ்ளோதான். அதனால அது தடையே இல்ல. எனக்கு கவலை அம்மா ஏன் இவ்ளோ மெலிஞ்சாங்கங்கறதுதான். பாதத்துல மட்டும் மெத்தை போறது வேற, மொத்த உடம்பும் வத்துறது வேற. சுகர், தைராய்டு, ரத்த அளவு, மூட்டுவாதம் இதெல்லாம் ஒரு தடவ பாத்துருங்க, மூட்டுவாதத்துல முன்பாதத்து விரல் எலும்பு கீழ இறங்கி தோலுக்குப் பக்கத்துல வந்து நிக்கும், நீங்க தொட்டுப் பாத்தேன்னு சொல்ற எலும்பு அதுவா கூட இருக்கலாம். கடைசியா ஒரு வருஷத்துல எடை எவ்ளோ கொறைஞ்சுதுன்னும், சாப்பாடு எப்படி போகுதுன்னும் எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

அதுவரைக்கும் அடுப்படில அம்மா நிக்கிற எடத்துல கனமான ரப்பர் மேட் ஒன்னு போடுங்க, ஒரு ஒசரமான ஸ்டூலும் போட்டுருங்க, காய் நறுக்குறது அரிசி களையுறது எல்லாம் உக்காந்தே செய்யட்டும். அவங்க இப்ப போடுற செருப்ப திருப்பிப் பாருங்க, எந்த எடம் ரொம்ப தேஞ்சிருக்கோ அந்த எடத்துலதான் எலும்பு குத்துது, செருப்பு செஞ்சு குடுக்குற ஆள்கிட்டயோ பாத டாக்டர்கிட்டயோ போறப்ப அந்தப் பழைய ஜோடிய கையோட எடுத்துட்டுப் போங்க.